இரண்டாவது ரிமோட்

தம்பி,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், நேற்று போனில் உன் குரலிலேயே தெரிந்தது. "அம்மா, நீ ஒரு எட்டு லால்குடி போயி வித்யாவைக் கூட்டிட்டு வந்துடேன். நீ சொன்னா கேப்பா. ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா" என்றாய். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் ஒரு வாக்கியத்தைக்கூட என்னால் முடிக்க முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதையும் நீ பாதியில் மடித்து வைக்கலாம், ஆனால் மறுபடி பிரிக்கும்போது விட்ட இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டிருப்பேன்.

ஒன்றுமில்லாத விஷயம் என்றாயே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உன் அப்பா அந்த வெள்ளைக் காரை வாங்கியபோது நீ இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். அப்போதே அது வேறொருவர் ஓட்டிய கார்தான். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில் மட்டுந்தான் சாவி நுழையும். இடது பக்கத்துத் துவாரம் என்றைக்கோ துருப்பிடித்து அடைத்துப்போயிருந்தது. அப்பா கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, உடம்பைச் சாய்த்து, இடது கதவின் ஓரத்தில் நிற்கும் அந்தக் கறுப்புப் பொத்தானைத் தூக்கிவிட்டால்தான் நான் ஏற முடியும். அந்தக் காலத்துக் கார்களில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். புருஷன் உள்ளே போய் உட்காருவான், பெண்டாட்டி வெளியே நிற்பாள், அவன் சாய்ந்து தூக்கிவிடுவான். நல்ல நாளில் அது கண் சிமிட்டுகிற நேரம். அதைப் பற்றி யாரும் கடிதம் எழுதமாட்டார்கள்.

நல்ல நாளாக இல்லாதபோது என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன். உன் அப்பா கை ஓங்கியதில்லை, கத்தியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. கோபம் வந்தால் அவர் பொத்தானைத் தூக்கமாட்டார். அவ்வளவுதான். உள்ளே போய் உட்காருவார். வண்டியைக் கிளப்புவார். பின்னால் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்வார். துணியை எடுத்து, சுத்தமாக இருக்கிற டாஷ்போர்டைத் துடைப்பார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெயிலில் நிற்பேன். தட்டக் கூடாது. தட்டினால் இன்னும் நேரமாகும். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே என்று கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல நிற்பேன். பஸ் டிக்கெட்டையும் பழைய மாத்திரை அட்டையையும் நான் அந்தப் பைக்குள் எத்தனை முறை தேடி எடுத்திருக்கிறேன், போ. போதும் என்று அவருக்குத் தோன்றும்போது பொத்தான் மேலே வரும். நான் ஏறி உட்காருவேன். "போலாமா?" என்று சாதாரணமாகக் கேட்பார். நானும் "ம்" என்பேன். அவர் செத்தபோது தெருவே வந்து, "தங்கமான மனுஷர், ஒரு அதட்டல் கேட்டதில்ல உங்க வீட்லேர்ந்து" என்றது. உண்மைதான். கண்ணாடி ஏற்றியிருந்தால் எதுவும் கேட்காது.

உறையூரில் உன் அத்தை மகள் கல்யாணம் உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. ஆபீசில் அப்பாவுக்குப் பதவி உயர்வு வரவில்லை என்பதை உன் அத்தையிடம் நான் பந்தியில் சொல்லிவிட்டேன். மறைக்க வேண்டிய செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. மண்டபத்துக்கு வெளியே வந்ததும் அவர் உன்னை மட்டும் தன் பக்கக் கதவு வழியாகப் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக நான் நின்றேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக, "என்னங்க, கிளம்பலயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நீ பின்சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, கையை நீட்டி அந்தப் பொத்தானைப் பிடித்தாய். கண்ணாடி வழியாக உன் விரல்களைப் பார்த்தேன். பாயசம் ஒட்டிய விரல்கள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது. கையை எடு. நீ எடுத்துவிட்டாய். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாய், பிறகு அவரைப் பார்த்தாய், பிறகு உட்கார்ந்துகொண்டாய். சின்னப் பையன், அவனால் என்ன செய்ய முடியும் என்று அன்றைக்கே உன்னை மன்னித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இதெல்லாம் அவரோடு போய்விட்டது என்று நினைத்தேன். உன் கல்யாணம் முடிந்து, காட்டூரில் வீடு பார்த்து, அப்பாவின் காரை நீ எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னபோது, விற்றுத் தொலையேன் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. நீயோ, "இல்லம்மா, இன்ஜின் நல்லாருக்கு. அந்தக் கதவு தொல்லைதான். சென்டர் லாக் போட்டு, ரிமோட் வச்சுட்டா முடிஞ்சுது. ஒரே அமுக்கு, நாலு கதவும் திறக்கும். யாரும் வெளிய நிக்க வேண்டாம்" என்றாய். யாரும் வெளியே நிற்க வேண்டாம். நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நான் சமையற்கட்டுக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதேன். என் பிள்ளை பார்த்திருக்கிறான், மறக்கவில்லை, எனக்காகச் செய்கிறான் என்று நினைத்தேன். இத்தனை வயதுக்கு மேல் நான் இவ்வளவு முட்டாளாக இருந்திருக்க வேண்டாம்.

ரிமோட் போடுகிற பாலக்கரைக் கடைக்கு நானும் வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தது அதற்காகத்தான். வித்யாவுக்கு ஆச்சரியம். "அத்தை, புழுதியிலயும் வெயில்லயும் நீங்க எதுக்கு?" என்றாள். அவளுக்கு எப்படிச் சொல்வேன்? ஸ்டூலில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். நான் வருஷக்கணக்கில் காத்து நின்ற கதவுக்குள் இருந்தது ஒரு மெல்லிய கம்பியும் கொஞ்சம் கிரீஸும்தான். அந்தக் கம்பியைத்தான் ஒரு சின்ன மோட்டாரோடு இணைத்தார். நாலு கதவுக்கும் நாலு மோட்டார், ஒயரெல்லாம் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் போயிற்று. பானெட்டுக்குள் சைரன். முடிந்ததும் ரிமோட்டை அமுக்கிக் காட்டினார். டக்கென்று நாலு பொத்தானும் ஒன்றாக எழுந்து நின்றன. "இன்னொரு தடவை அமுக்குங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அமுக்கினார். வித்யாவும் சிரித்தாள். அந்தச் சாயங்காலம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைக்காரர் இரண்டு ரிமோட்டைத் தட்டில் வைத்து நீட்டினார். "சார், ஒரு விஷயம். ரிமோட்ல பூட்டினதுக்கப்புறம் உள்ளேர்ந்து யாராச்சும் கதவைத் திறந்தா சைரன் கத்தும். உள்ள ஆள் இருந்தா பூட்டாதீங்க. செட்டுல ரெண்டு ரிமோட் இருக்கு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு மேடமுக்கு" என்றார். வித்யா கையை நீட்டினாள். நீ இரண்டையும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். "உனக்கு எதுக்கு? நான்தானே ஓட்டுறேன்" என்றாய். "நானும் ஓட்டுவேனேங்க. காலேஜ்லேர்ந்து அப்பா வண்டியை நான்தானே ஓட்டுறேன்" என்றாள். "அது வேற, இது பழைய வண்டி. கிளட்ச் உனக்குப் பிடிபடாது" என்று முடித்துவிட்டாய். அவள் கையை மடக்கிக்கொண்டாள். என்னை வீட்டில் இறக்கிவிட்டதும் இரண்டாவது ரிமோட்டை என்னிடம் கொடுத்து, "பீரோல வை. அவகிட்ட இருந்தா தொலைச்சிடுவா" என்றாய். பாங்கில் லாக்கர் சாவிகளைப் பொறுப்பாக வைத்திருக்கிற பெண் அவள். அவள் தொலைத்துவிடுவாளாம். நான் வாயை மூடிக்கொண்டு பீரோவில் வைத்தேன்.

இப்போது அவள் கிளம்பிப்போன அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ நடந்ததை உன் விருப்பத்துக்குச் சுருக்கிவிட்டாய், நான் சுருக்கப்போவதில்லை. கோயிலில் சேவித்துவிட்டு வரும் வழியில் கோபுரத்தெருவில் வண்டியை நிறுத்தி, "அஞ்சு நிமிஷம்" என்று இறங்கிப்போனாய். போகிற போக்கில் ரிமோட்டை அமுக்கினாய். நாலு பொத்தானும் கீழே இறங்கின. முன்சீட்டில் வித்யா, பின்சீட்டில் நான். வேண்டுமென்று செய்யவில்லை, பழக்கத்தில் அமுக்கிவிட்டாய், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். மருந்துக்கடை வாசலில் உன் சிநேகிதனைப் பார்த்துவிட்டாய். அஞ்சு நிமிஷம் எங்கேயோ போயிற்று. கண்ணாடியை இறக்கியும் காற்று இல்லை, கார் கொதித்தது. வித்யாவுக்குக் காலையிலிருந்தே தலைவலி. உன்னைக் கூப்பிட்டாள், கையை ஆட்டினாள். நீயும் பதிலுக்குக் கையை ஆட்டினாய், இரு என்பதுபோல. கடைசியில் அவள் பொத்தானைத் தூக்கிக் கதவைத் திறந்து கீழே காலை வைத்தாள். சைரன் அலறியது. பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கோயிலுக்குப் போகிறவர்கள், அத்தனை பேரும் திரும்பினார்கள். "யாரும்மா அது, வண்டியை நோண்டுறது?" என்று ஒருவர் அவளைப் பார்த்தே கேட்டார். புதுத்தாலி தெரிய அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றாள்.

நீ ஓடி வந்தாய். முதலில் சைரனை நிறுத்தியிருக்கலாம். ரிமோட் உன் கையில்தான் இருந்தது. "யாரு உன்னைத் திறக்கச் சொன்னா?" என்று அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டு, பிறகுதான் நிறுத்தினாய். "மூச்சு முட்டுதுங்க" என்றாள். நீ அவள் பக்கத்துக் கதவைச் சாத்தினாய். சுற்றி வந்து உட்கார்ந்து, எக்கி அந்தப் பக்கத்துக் கண்ணாடியைக்கூட ஏற்றினாய். அவள் ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடிக்கும்போது உன் பெருவிரல் அசைந்தது. டக். நாலு பொத்தானும் இறங்கின. அவள் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். நீ வண்டியைக் கிளப்பினாய். பின்னால் பார்க்கிற கண்ணாடியைச் சரிசெய்தாய். அந்தக் கண்ணாடியில் உன் கண்ணைப் பார்த்தேன். உன் அப்பா செத்துப்போகவில்லை, நாலு மோட்டார் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

நான் எழுந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, கையை நீட்டி அந்தப் பொத்தானைப் பிடித்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய். "அம்மா, கையை எடு."

அந்த வார்த்தை உனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்கே தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். நான் கையை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன்? நான் சின்னப் பையனா? பேசாமல் தூக்கிவிட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய், என் கையை ஒடித்திருப்பாயா? பழகிய குரல் கேட்டதும் பழகிய உடம்பு பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. வித்யா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என் கையைப் பார்த்தாள், அது போவதையும் பார்த்தாள். அவள் தோளில் கைப்பை இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. எதையும் தேடவில்லை. திரும்பி, சைரனை வேடிக்கை பார்த்த அதே ஆட்டோக்காரர்களிடம் போய், "திருவானைக்கோவில் பஸ் ஸ்டாப்புங்க" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டாள். நீ பூட்டைத் திறந்தபோது அங்கே ஆள் இல்லை. "திமிரைப் பாத்தியா?" என்று என்னிடம் கேட்டாய். இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத ஒன்று அவளுக்கு ஒரு நொடியில் தோன்றியிருக்கிறது. அதைத் திமிர் என்றால், அது எனக்கு இல்லாமல் போயிற்றே என்றுதான் வயிறு எரிகிறது.

நீ சொன்னபடி இன்று காலையில் லால்குடிக்குப் போனேன். நீ சொன்னதற்காக அல்ல. பீரோவிலிருந்து அந்த ரிமோட்டை எடுத்துக்கொண்டு போனேன். வித்யா மெலிந்திருக்கவில்லை, அழுதுகொண்டிருக்கவில்லை, பாங்குக்குத் தவறாமல் போய்வருகிறாள். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "அத்தை, அன்னிக்கு நீங்க பொத்தான்ல கை வச்சீங்க. அப்புறம் எடுத்துட்டீங்க. நான் பாத்தேன்" என்றாள். "ஆமாம்மா, எடுத்துட்டேன்" என்றேன். வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. காபி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "அவர் கத்தினதுக்காக நான் இங்க வந்துடலை அத்தை. கத்தினா நானும் கத்துவேன். உள்ள உக்காந்ததும் அவர் முகத்தைப் பாத்தேன். கோபமே இல்ல. நிதானமா இருந்துச்சு. அதான் பயமாயிடுச்சு" என்றாள். அந்த நிதானத்தோடு குடும்பம் நடத்தியவள் நான். ரிமோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. "அவர் கொடுக்கச் சொன்னாரா?" என்று கேட்டாள். "இல்ல, நானா எடுத்துட்டு வந்தேன்" என்றேன். "அப்ப இருந்த இடத்துலயே இருக்கட்டும் அத்தை. வண்டி ஓட்ட ஆசைப்பட்டா எங்கப்பா வண்டி இருக்கு" என்றாள். கிளம்பும்போது என்னை பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று அந்த வண்டியை எடுத்தாள். அதுவும் பழைய வண்டிதான், ரிமோட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது. சாவியோடு நேராக என் பக்கத்துக்கு வந்தாள். என் கதவைத் திறந்துவிட்டு, நான் உட்கார்ந்ததும் சாத்திவிட்டு, அப்புறம் சுற்றிக்கொண்டு தன் பக்கம் போனாள். அவளுக்கு அது ஒரு பெரிய காரியமே இல்லை. ஒரு கார் கதவை இப்படியும் திறக்கலாம் என்று எனக்கு யாரும் காட்டியதில்லை.

அதனால், தம்பி, நான் அவளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். அவளுக்குப் புத்தி சொல்லமாட்டேன். "அனுசரிச்சுப் போம்மா" என்ற வார்த்தையை நான் என் வாழ்நாளுக்கும் போதுமான அளவு கேட்டுவிட்டேன், இன்னொருத்திக்கு அதைச் சொல்ல மாட்டேன். நீ போ. காரில் போகாதே, பஸ்ஸில் போ. இந்தக் கடிதத்தோடு இரண்டாவது ரிமோட்டையும் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொண்டு போ. அதைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதே, அவள் வாங்கிக்கொள்வாளா என்பதே எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டு வாசலில் இரும்பு கேட் ஒன்று இருக்கிறது, தாழ்ப்பாள் உள்பக்கம். பெல்லை ஒரு தடவை அடி. பிறகு நில். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று சம்பந்தி பதறிக்கொண்டு ஓடி வருவார், அவர் சுபாவம் அப்படி. அவரிடம் நான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். "அவன் வந்து நின்னான்னா நீங்க தாழ்ப்பாளைத் தொடாதீங்க. தொட்டுட்டீங்கன்னா, கையை எடுத்துடுங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. வித்யாவுக்கு விளங்கியது.

அவள் வந்து திறக்கும்வரை நீ அங்கே நிற்க வேண்டும். வெயில் இருக்கும். அந்தத் தெருவில் போகிறவர்கள், "என்ன மாப்பிள்ள, உள்ள போகலயா?" என்று கேட்பார்கள். அவர்களுக்காக போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல நிற்காதே. நான் அப்படித்தான் கைப்பையைத் திறந்துகொண்டு நின்றேன். நீ சும்மா நில்.

அம்மா